நிறுத்தி வைத்த காரில் எலி: குமரி மாவட்டத்துக்காரர்கள் என்ன செய்கிறீர்கள்?

தக்கலை விளைக்காரன்

எல்லாருக்கும் வணக்கம். அண்ணன் கத்தாரில் இருக்கிறார். அவருடைய கார் எங்கள் வீட்டு ஷெட்டில்தான் நிற்கிறது. ஷெட் என்றால் மேலே தகரம் மட்டும்தான், பக்கச்சுவர் கிடையாது. சுற்றிலும் தென்னை, பின்னால் இரண்டு கொல்லாமரம் (முந்திரி). அவ்வப்போது ஸ்டார்ட் பண்ணி அப்படியே நிறுத்திவிடுவேன்.

இந்த மழைக்குப் பிறகு எடுத்தபோது இன்ஜின் விளக்கும் ஏபிஎஸ் (பிரேக்) விளக்கும் அணையவே இல்லை. ஏசி போட்டால் மூத்திர வாடை தாங்க முடியவில்லை. பானெட்டைத் திறந்தால் பேட்டரிக்கும் ஏர் ஃபில்டர் பெட்டிக்கும் நடுவில் கூடு. கதம்பை (தேங்காய் மட்டை) நார், பானெட்டின் அடியில் ஒட்டியிருந்த பஞ்சு, கிழிந்த பிளாஸ்டிக் பை எல்லாம் சேர்த்துக் கட்டியிருக்கிறது. பக்கத்திலேயே கொல்லாங்கொட்டைத் தோடும் கடித்துப் போட்ட மரச்சீனித் (மரவள்ளி) துண்டும் கிடந்தன.

ஒயரைச் சரிசெய்து கொடுத்துவிட்டார்கள். ஆனால் “மறுபடியும் வரும் தம்பி” என்று சொல்லித்தான் அனுப்பினார் மெக்கானிக். அண்ணன் வருவதற்கு இன்னும் மாதங்கள் இருக்கின்றன. கேட்பவர்கள் எல்லாம் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். நம் ஊர் மழைக்கும் விளைக்கும் (தோப்புக்கும்) உண்மையில் எது பலன் தருகிறது என்று அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

கொட்டாரம்

புகையிலை. ஒரு கட்டு வாங்கி, துணியில் முடிந்து, இன்ஜினுக்குள் நாலு இடத்தில் கட்டித் தொங்கவிடுங்கள். எங்கள் டாக்ஸி ஸ்டாண்டில் எல்லாரும் இதைத்தான் செய்கிறோம்.

பார்வதிபுரம்

புகையிலையை விட அந்துருண்டை நல்லது. சீட்டுக்கு அடியில் நாலு, பானெட்டுக்குள் நாலு.

மார்த்தாண்டம் ஒர்க்‌ஷாப்

தம்பி, இந்த வேலை எனக்கு வருஷம் முழுக்க வருகிறது. ஆனி, ஆடி மழையிலும் ஐப்பசி, கார்த்திகை மழையிலும் இரண்டு மடங்காக வரும். நமக்கு இரண்டு பருவமழை, அதனால் இரண்டு எலி சீசன். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எலி காருக்குள் வருவது ஒயரைத் தின்பதற்காக இல்லை. நனையாத, இருட்டான, நாய் பூனை நுழையாத இடம் அதற்கு வேண்டும். ஓடி நின்ற இன்ஜின் என்றால் சூடும் கிடைக்கும். டயரில் ஏறி, சஸ்பென்ஷன் வழியாக நேராக உள்ளே போய்விடும். வீல் ஆர்ச்சில் உள்ள பிளாஸ்டிக் லைனர் கிழிந்திருந்தால் இன்னும் சுலபம்.

உள்ளே போனதும் மூன்று இடத்தில் கூடு வைக்கும். ஒன்று, நீங்கள் பார்த்த பேட்டரிப் பக்கம். இரண்டு, இன்ஜின் மேல் மூடியிருக்கும் பிளாஸ்டிக் கவருக்கு அடியில். மூன்று, வைப்பருக்குக் கீழே காற்று உள்ளே போகும் வழி. இந்த மூன்றாவதைத்தான் பலர் பார்ப்பதில்லை. அங்கிருந்து ப்ளோயருக்கும் ஏசி ஃபில்டருக்கும் வந்துவிடும். உங்களுக்கு ஏசியில் வாடை வருகிறதென்றால் வந்தாயிற்று. குளோவ் பாக்ஸைக் கழற்றி ஃபில்டரை வெளியே எடுங்கள். பெரும்பாலும் ஒரு மூலை பொடிப்பொடியாகக் கடிபட்டு, மஞ்சளாக நனைந்து இருக்கும். அதை மாற்றாமல் வாசனைத் திரவியம் தெளித்தால் வாடை போகாது.

அடுத்தது, கடிபட்ட வண்டியைச் சாவி போட்டுத் திருப்புவதற்கு முன்னால் பெட்ரோல் வாடை வருகிறதா என்று கவனியுங்கள். எலி ஒயரை மட்டும் கடிப்பதில்லை, எரிபொருள் போகும் ரப்பர் குழாயையும் கடிக்கும். வாடை இருந்தால் ஸ்டார்ட் பண்ணவே கூடாது. எக்ஸாஸ்ட் பக்கம் கூடு கட்டியிருந்தால் அந்த நாரும் பஞ்சும் சூட்டில் தீப்பிடிக்கும்.

ஒயரைச் சரிசெய்து விட்டார்கள் என்கிறீர்கள். எப்படிச் செய்தார்கள் என்று பானெட்டைத் திறந்து பாருங்கள். முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தால் ஒரு மழைக்குள் செம்பு பச்சை பிடித்துவிடும், அதே விளக்கு மறுபடியும் எரியும். சால்டர் வைத்துப் பற்றவைத்து, சூடாக்கினால் சுருங்கி இறுகும் ஹீட் ஷ்ரிங்க் ட்யூப் போட்டிருந்தால் நிற்கும். ஏர்பேக்குக்குப் போகும் மஞ்சள் ஒயரில் கடி இருந்தால் ஒட்டுப்போடக் கூடாது, முழுசாக மாற்றத்தான் வேண்டும்.

புகையிலை பற்றி: புதிதாகக் கட்டிய சில நாளைக்கு வாடை இருக்கும், அப்புறம் வெறும் சருகு. புகையிலைக் கட்டுக்கு மேலேயே கூடு கட்டியிருந்த வண்டியை நான் கழுவியிருக்கிறேன். கொட்டாரம் அண்ணாச்சியின் ஸ்டாண்டில் எலி வராததற்குக் காரணம், அந்த வண்டிகள் தினமும் ஓடுகின்றன. அவ்வளவுதான்.

கொட்டாரம்

நீங்கள் சொல்வது சரிதான் அண்ணாச்சி. ஒரு வண்டி எஃப்சிக்காக (தகுதிச் சான்றுக்காக) ஒரு மாதம் நின்றபோது அதில் மட்டும் எலி வந்தது. புகையிலை எல்லா வண்டியிலும்தான் இருந்தது.

இரணியல் டீச்சர்

அந்துருண்டையைக் காருக்குள் போடச் சொன்னவருக்கு: தயவுசெய்து வேண்டாம். மூடிய காருக்குள் அந்த ஆவி நிறைந்துவிடும். தலைவலி, குமட்டல் வரும். ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு ரத்தச் சிவப்பணுக்களே உடைந்து மஞ்சள்காமாலை வரலாம். நம் வீட்டுக் குழந்தைக்கு அந்தக் குறைபாடு இருப்பது பல நேரம் நமக்கே தெரிவதில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கூட்டைக் கையால் அள்ளிப் போட்டுவிட்டு, துடைப்பத்தால் தட்டித் துப்புரவு செய்யும் பழக்கம் நம்மிடம் உண்டு. எலி மூத்திரத்தில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கும். கையில் சின்னக் கீறல் இருந்தால் போதும், கண், வாய் வழியாகவும் புகும். மழைக்காலத்தில் அண்டை மாநிலமான கேரளத்திலும் நம்மிடமும் இந்தக் காய்ச்சல் ஏறுவதைப் பார்க்கிறோம். ரப்பர் கையுறை, முகக்கவசம் போட்டுக்கொண்டு, முதலில் கிருமிநாசினி கலந்த தண்ணீரைத் தெளித்து நன்றாக நனைய விடுங்கள். ஒரு பங்கு ப்ளீச் திரவத்துக்கு ஒன்பது பங்கு தண்ணீர் போதும். ஐந்து பத்து நிமிடம் கழித்து ஈரத்தோடு அள்ளி, பையில் கட்டிப் புதைத்துவிடுங்கள். காய்ந்த புழுக்கையைத் தூசி பறக்கத் தட்டவே கூடாது. அதன் பிறகு காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு வந்தால் மருத்துவரிடம் எலிக்கூட்டைத் துப்புரவு செய்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள். சொன்னால்தான் அவர் அந்தக் கோணத்தில் பார்ப்பார்.

மார்த்தாண்டம் ஒர்க்‌ஷாப்

டீச்சர் சொன்னதோடு ஒரு சேர்க்கை: ப்ளீச் தண்ணீரை ஒயர் கனெக்டர் மேலும் அலுமினியப் பாகத்தின் மேலும் ஊற்ற வேண்டாம், அரிக்கும். அங்கே சோப்புத் தண்ணீர் நனைத்த துணியால் துடைத்தால் போதும். ஆனால் துடைக்காமல் விடாதீர்கள். பழைய எலியின் மூத்திர வாடைதான் அடுத்த எலிக்கு வழிகாட்டி. கூட்டை மட்டும் எடுத்துவிட்டு வாடையை விட்டால் அதே இடத்தில் அடுத்த கூடு வரும்.

பூதப்பாண்டி வயல்

எல்லாரும் காரைப் பற்றியே பேசுகிறீர்கள். எலி எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டாமா?

எங்கள் பக்கம் நெல்லில் கன்னிப்பூ போக அறுவடை ஆவணி புரட்டாசியில் முடியும், கும்பப்பூ போகம் மாசியில். அறுத்த வயலில் எலிக்கு ஒளிய இடமும் கிடையாது, தின்னவும் இல்லை. வரப்பு வளையை விட்டு வீடுகளை நோக்கி நகரும். வளையில் தண்ணீர் ஏறும் பெருமழையிலும் இதே கதைதான். வயலை ஒட்டி வீடு இருப்பவர்கள் அறுவடை முடிந்த மறுவாரமே காரைக் கவனிக்க வேண்டும்.

தக்கலைத் தம்பியின் பிரச்சினை வேறு. விளையில் இருப்பது தென்னை எலி, வீட்டுக் கூரையிலும் அதுவே. தென்னங்கொண்டையில் குடியிருந்து குரும்பையை (இளங்காயை) துளைத்துப் போடும் அதே சாதி. ஏறுவதில் கெட்டி. தரையில் வளை தோண்டும் பெருச்சாளி இன்ஜினுக்குள் ஏறுவது குறைவு. மரத்தடியில் ஓட்டை விழுந்த குரும்பை கிடக்கிறதா பாருங்கள். கிடந்தால் எலி இருப்பது மேலே. ஷெட் தகரத்தைத் தொட்டுக்கொண்டு நிற்கும் மட்டைகளை வெட்டிவிடுங்கள், அதுதான் அதற்குப் பாலம். தண்டில் ஆள் உயரத்துக்கு மேலே ஒன்றரை அடி அகலத்துக்கு வழவழப்பான தகரத்தைச் சுற்றி ஆணி அடித்தால் ஏற முடியாது. ஆனால் ஒரு மரத்தின் மட்டை அடுத்த மரத்தைத் தொட்டால் தகரத்தால் பலன் இல்லை, மேலேயே தாவிவிடும்.

எலிக்குப் பல் வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும், வருஷத்துக்குப் பத்து சென்டிமீட்டருக்கும் மேல். எதையாவது கடித்துத் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டிய பிறவி. ஒரு ஈற்றுக்கு ஆறேழு குட்டி, சினை மூன்றே வாரம். கூடு கண்ட நாளிலேயே அகற்றச் சொல்வது இதனால்தான்.

குலசேகரம்

ஒயர் இன்சுலேஷனை இப்போது சோயாவில் செய்கிறார்களாமே, அதனால்தான் தின்கிறது என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். பழைய அம்பாசிடரில் இந்தத் தொல்லை இருந்ததா?

மார்த்தாண்டம் ஒர்க்‌ஷாப்

இருந்தது. பழைய ஜீப்பில் கடிபட்ட ஒயரை என் அப்பா மாற்றிக்கொண்டிருந்ததைப் பார்த்து வளர்ந்தவன் நான். அன்றைக்கு ஒரு வண்டியில் இருந்த ஒயரே கொஞ்சம். கடித்தால் ஹெட்லைட் எரியாது, ஒரு துண்டு போட்டு முடித்துவிடலாம். இன்றைக்கு ஒவ்வொரு சக்கரத்துக்கும் சென்சார், ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் ஒயர். ஒன்று அறுந்தாலும் வண்டி வேகம் எடுக்காத லிம்ப் மோடுக்குப் போய்விடும்.

அந்தச் சோயா விஷயத்தில் அமெரிக்காவில் டொயோட்டா மேலேயும் ஹோண்டா மேலேயும் வழக்குப் போட்டது உண்மை. ஆனால் சோயா இல்லாத பழைய பிவிசி ஒயர், கார்பெட், சீட் பெல்ட், தெர்மாகோல் எல்லாவற்றையும் எலி கடிக்கிறது. என் கண்ணில் படுவது, ஒயரில் ஜோடி ஜோடியாக இரண்டு பல் தடம், கீழே சிதறிய இன்சுலேஷன் துணுக்கு. தின்றிருந்தால் துணுக்கு கிடக்காது.

மிளகாய்க் காரமான காப்சைசின் ஏற்றிய டேப் ஒன்றை ஹோண்டா விற்கிறது. ஒட்டுப்போட்ட இடத்தில் சுற்ற நல்லது. வண்டி முழுக்கச் சுற்றக் கட்டுப்படியாகாது.

சுசீந்திரம்

அல்ட்ராசோனிக் கருவி வாங்கலாமா? பேட்டரியில் மாட்டுகிற மாதிரி கிடைக்கிறது.

குளச்சல் எலக்ட்ரீஷியன்

நான் பலருக்கு மாட்டிக் கொடுத்திருக்கிறேன், இப்போது மாட்டுவதில்லை. அந்த ஒலி நேர்கோட்டில்தான் போகும். இன்ஜினுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் எலிக்குக் கேட்காது. கேட்டாலும் சில நாளில் பழகிக்கொள்ளும். 2001ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் ஃபெடரல் டிரேடு கமிஷன் இந்த மாதிரிக் கருவி தயாரித்து விற்கும் 60க்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்கு, ஆதாரம் இல்லாமல் விளம்பரம் செய்யாதீர்கள் என்று எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. மாதக்கணக்கில் நிற்கும் வண்டியில் அது பேட்டரியையும் இறக்கிவிடும்.

எங்கள் கடலோரத்துக்கு ஒரு எச்சரிக்கை: ஓட்டையை அடைக்க இரும்பு நாரைத் திணிக்கச் சொல்வார்கள். உப்புக் காற்றில் அது கொஞ்ச நாளில் துருப்பிடித்து உதிரும். துணுக்கு பேட்டரி முனையில் விழுந்தால் ஷார்ட் ஆகும். ஸ்டெயின்லெஸ் வலைதான் சரி.

அகஸ்தீஸ்வரம்

எலி மருந்து கேக்கை இன்ஜின் மேல் வைத்தால் வேலை முடிந்ததே. ஏன் இவ்வளவு சுற்று?

பூதப்பாண்டி வயல்

வேலை அங்கேதான் ஆரம்பிக்கும். புரோமாடியோலோன் கேக் தின்ற எலி உடனே சாகாது, சில நாள் கழித்துத்தான் சாகும். சாகிற இடம் உங்கள் ஏசி குழாயாக இருந்தால் டாஷ்போர்டையே இறக்க வேண்டி வரும். மருந்து தின்று தள்ளாடும் எலியைப் பிடிக்கும் பூனையும் கூகையும் சேர்ந்து சாகும். கூகை இருக்கும் வயலில் எலி எவ்வளவு கட்டுப்படும் என்று எங்களுக்குத் தெரியும், அதைக் கொல்லும் காரியத்தைச் செய்யாதீர்கள். சிங்க் பாஸ்பைடு இன்னும் மோசம். வயிற்றில் போனால் பாஸ்பின் வாயுவாகும், மாற்று மருந்தே கிடையாது. மஞ்சள் பாஸ்பரஸ் பேஸ்ட்டைத் தமிழ்நாட்டில் அரசு தடையே செய்துவிட்டது. அது எத்தனை உயிரைக் கொண்டுபோனது என்று எந்த ஆஸ்பத்திரியில் கேட்டாலும் சொல்வார்கள். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இவற்றைக் கொண்டு வரவே வேண்டாம்.

கூண்டு வையுங்கள். சுட்ட தேங்காய்த் துண்டு, கருவாடு, வறுத்த கடலை எதுவானாலும் வரும். சுவரோரமாக வைக்க வேண்டும், நடுவெளியில் வைத்தால் வராது. புதுப்பொருளைக் கண்டால் எலி சில நாள் ஒதுங்கும். அதனால் முதல் சில ராத்திரி கதவு விழாதபடி கட்டி வைத்துத் தின்னவிட்டு, பழகியதும் கட்டை அவிழுங்கள். பசை அட்டை வேண்டாம். பல்லி, பூனைக்குட்டி, மூஞ்சூறு எல்லாம் ஒட்டிக்கொண்டு துடித்துச் சாகும். மூஞ்சூறு பூச்சி தின்பது, அது ஒயர் கடிக்காது.

வடசேரி

இன்சூரன்ஸ் யாரும் தொடவில்லை. தேர்டு பார்ட்டி மட்டும் எடுத்தவருக்குப் பத்துப்பைசா வராது. ஓன் டேமேஜ் (நம் வண்டியின் சேதத்துக்கானது) சேர்த்து எடுத்தவர்கள், எலிக்கடிக்குத் தருவீர்களா என்று புதுப்பிக்கும்போதே கம்பெனியிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கடிபட்டால் கூட்டையும் ஒயரையும் படம் எடுத்து, தகவல் சொல்லி, சர்வேயர் பார்த்த பிறகே வேலையைத் தொடங்க வேண்டும்.

கணக்கும் போட்டுப் பாருங்கள். 1500 சிசி வரை உள்ள காருக்கு முதல் 1,000 ரூபாய் நம் கையில் இருந்து, 1500 சிசிக்கு மேற்பட்ட காருக்கு 2,000. பிளாஸ்டிக், ரப்பர், நைலான் பாகத்துக்கு 50% தேய்மானம் கழிப்பார்கள், தேய்மானம் கழிக்காத ஜீரோ டெப் சேர்த்து எடுத்திருந்தால் தப்பலாம். கிளைம் வாங்கினால், கிளைம் போடாததற்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடியான நோ கிளைம் போனஸ் அடுத்த வருஷம் பூஜ்யம். 50% போனஸ் இருப்பவருக்கு போனஸ் கழிப்பதற்கு முன் ஓன் டேமேஜ் பிரீமியம் பத்தாயிரம் என்றால் ஐயாயிரம் அதிலேயே போயிற்று. சின்ன வேலைக்குக் கிளைம் போடாமல் இருப்பதே லாபம்.

தடிக்காரன்கோணம்

எலி இருந்தால் பின்னாலேயே பாம்பு வரும். எங்கள் ஷெட்டில் சாரை ஒன்று பம்பருக்குள் புகுந்துகொண்டது. கையை விடுவதற்கு முன் டார்ச் அடித்துப் பாருங்கள். பாம்பு என்றால் நீங்களாக எதுவும் செய்யாமல் தீயணைப்பு நிலையத்துக்கோ வனத்துறைக்கோ சொல்லுங்கள்.

இரணியல் டீச்சர்

என் வீட்டுக்காரரின் கார் மின்சாரக் கார். அதிலும் கடிக்குமா?

மார்த்தாண்டம் ஒர்க்‌ஷாப்

கடிக்கும் டீச்சர். ஆரஞ்சு நிறத்தில் போகும் கேபிள் உயர் மின்னழுத்தம். அதில் கடி தெரிந்தால் தொடாமல் கம்பெனி சர்வீஸ் ஆளைக் கூப்பிடுங்கள். சாதாரண மெக்கானிக்கிடமும் விடாதீர்கள், என்னிடமும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

தக்கலை விளைக்காரன்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஏசி ஃபில்டரைக் கழற்றினேன், அண்ணாச்சி சொன்ன மாதிரியே மூலை கடிபட்டிருந்தது. தகரத்தைத் தொட்ட மட்டைகளை ஏறுகிறவரை வைத்து வெட்டியாயிற்று. நாய்க்கு ராத்திரி வைக்கும் சோறு ஷெட்டிலேயே மிச்சம் கிடந்தது, அந்தப் பாத்திரத்தை இப்போது சாயங்காலமே எடுத்துவிடுகிறோம். சீட் இடுக்கில் பிள்ளைகள் சிந்திய நேந்திரங்காய்ச் சிப்ஸையும் வாக்யூம் போட்டு எடுத்தேன்.

இன்னும் இரண்டு கேள்வி. நான் அடுத்த மாதம் சென்னைக்கு வேலைக்குப் போகிறேன், வீட்டில் அம்மா மட்டும். அவர்களுக்கு ஓட்டத் தெரியாது. கவர் போட்டு மூடிவிட்டுப் போகலாமா? வலை எங்கெல்லாம் அடிக்க வேண்டும்?

மார்த்தாண்டம் ஒர்க்‌ஷாப்

தரையைத் தொடும் கவர் போடாதீர்கள். உள்ளே இருட்டும் கதகதப்பும் எலிக்கு நாமே கொடுத்த மாதிரி ஆகும். தூசி படிந்தால் கழுவிக்கொள்ளலாம். காரைச் சுற்றி நடக்க இடம் விட்டு, கதம்பைக் குவியல், விறகு, பழைய சாக்கு எல்லாவற்றையும் ஷெட்டை விட்டு அகற்றுங்கள். மழைச்சாரல் அடிக்காத பக்கம் என்றால் பானெட்டைத் திறந்தே வைத்து, மேலே ஒரு எல்இடி பல்பை ராத்திரி எரியவிடலாம். இருட்டு இல்லாத இடத்தில் கூடு கட்டத் தயங்கும். போகும் முன் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிடுங்கள். கழற்றுவதற்கு முன்பே ஏசியை உள்காற்று சுழலும் நிலையில் வைத்து நிறுத்தினால் வெளிக்காற்று வரும் மடல் மூடியபடி நிற்கும்.

அம்மாவுக்கு ஒரே வேலை. சாயங்காலம் நாலு டயரையும் சுற்றித் தரையில் கல்மாவுக் கோலப்பொடியை மெல்லிசாகத் தூவச் சொல்லுங்கள். அரிசி மாவு வேண்டாம், அது தீனி. காலையில் கால்தடமோ வால் இழுத்த கோடோ தெரிந்தால் அன்றைக்கே உங்களுக்குப் போன் பண்ணட்டும், நான் ஆள் அனுப்புகிறேன்.

வலைக்கு, நாகர்கோவிலில் ஹார்டுவேர் கடையில் கால் இஞ்சு கண் உள்ள ஸ்டெயின்லெஸ் வெல்டட் மெஷ் கேளுங்கள். கோழிக்கூண்டு வலை கொடுத்தால் வாங்காதீர்கள், அதன் பெரிய கண்ணில் சுண்டெலி நுழைந்துவிடும். வைப்பருக்குக் கீழே காற்று புகும் வாய், ப்ளோயர் வாய், ஏர் ஃபில்டருக்குக் காற்று போகும் குழாயின் முனை, இந்த மூன்றும் கட்டாயம். பின் பம்பருக்குள் இரண்டு பக்கமும் காற்று வெளியேறும் ரப்பர் மடல் இருக்கும், அது கிழிந்திருந்தால் மாற்றுங்கள். ரேடியேட்டருக்கு முன்னால் நெருக்கமான வலை அடிக்க வேண்டாம், இன்ஜின் சூடேறும்.

தக்கலை விளைக்காரன்

வலையை கேபிள் டை போட்டுக் கட்டினால் நிற்குமா அண்ணாச்சி?

குளச்சல் எலக்ட்ரீஷியன்

பிளாஸ்டிக் டை என்றால் அதையும் கடித்துவிடும். ஸ்டெயின்லெஸ் டை கிடைக்கிறது, அதைப் போடுங்கள். வலையின் வெட்டு விளிம்பை உள்பக்கமாக மடித்துவிட்டு மாட்டுங்கள், இல்லாவிட்டால் வண்டி ஓடும் அதிர்வில் அந்தக் கம்பி முனையே பக்கத்து ஒயரை அறுக்கும்.